குளிர்காலத்தில் பூக்கும் மரம்: சைப்ரஸ் அலர்ஜி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி: தென் பிரான்சில் மொம்பெலியே பக்கம் ஏழு வருடமாக இருக்கிறோம். முதல் நாலு வருடம் எனக்கு ஒன்றுமில்லை. மூன்று வருடமாக ஜனவரிக் கடைசியில் மூக்கு ஒழுக ஆரம்பித்து, கண் அரிப்பு, வறட்டு இருமல் என்று மார்ச் முடியும்வரை படுத்துகிறது. டாக்டர் சைப்ரஸ் மரம் என்கிறார். நடுக்குளிரில் எந்த மரம் பூக்கும்? ஊரிலிருந்து கொண்டுவந்த அவில் போட்டால் தூக்கம்தான் வருகிறது. போன கோடையில் பீச் பழம் சாப்பிட்டபோது உதடு வீங்கியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? எங்கள் வீட்டு வேலியே சைப்ரஸ்தான், வெட்டிவிடலாமா? பிப்ரவரியில் பேசாமல் புதுச்சேரிக்குப் போய்விடலாமா?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இதே வட்டாரத்தில் ஒரு ஃபார்மசியில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அதில் பன்னிரண்டு வருடமாக எனக்கும் இதே அலர்ஜி. கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் டாக்டர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இந்த அலர்ஜியில் ஏமாற்றுவது மரம் இல்லை, மாதம். மகரந்தம் என்றால் வசந்தம், பூ, புல்வெளி என்றே நமக்குத் தோன்றும். ஜனவரியில் மூக்கு ஒழுகினால் சளி, ஃப்ளூ என்று முடிவு கட்டிவிடுவோம். ஃப்ளூவும் அதே வாரங்களில்தான் ஊரைச் சுற்றிவரும். நானே முதல் இரண்டு குளிர்காலம் சைனஸ் என்று நம்பி, வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கை விழுங்கினேன். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன் செய்யும் காரியமா அது? ஏப்ரலில் தானாகச் சரியானபோது மருந்து வேலை செய்துவிட்டது என்றுகூட நினைத்தேன். வேலை செய்தது மருந்து இல்லை, மரம் தன் வேலையை முடித்துக்கொண்டது.

சைப்ரஸை நம் ஊரில் பார்த்திராதவர்களுக்கு: பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் ஓரம் நிற்கும் நெட்டிலிங்க மரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அந்த வடிவம்தான். ஒல்லியாக, நெட்டுக்குத்தலாக, கரும்பச்சையாக நிற்கும். ஆனால் இரண்டும் தூரத்துச் சொந்தம்கூட இல்லை. சைப்ரஸ் கூம்பு காய்க்கும் மரம், இலை செதில் செதிலாக இருக்கும். நாம் பூ என்று சொல்லும் பூ அதற்குக் கிடையாது. பிப்ரவரியில் ஒரு கிளையின் நுனியைப் பாருங்கள். நெல்மணி அளவில் பழுப்பு மஞ்சளாகச் சின்னச் சின்ன மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஆண் கூம்புகள். வெயில் ஏறிக் காற்றும் காய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மஞ்சள் புகை கிளம்பும். (மூச்சை அடக்கிக்கொண்டு தட்டுங்கள். வீட்டில் அலர்ஜி இல்லாத ஆளைத் தட்டச் சொல்வது இன்னும் நல்லது.) அதே மரத்தில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக உருண்டையாகத் தொங்குபவை பெண் கூம்புகள். தேனீயை நம்பாமல் காற்றை நம்பும் மரம் என்பதால் கணக்குப் பார்க்காமல் இறைக்கும். ஒரே மரம் கோடிக்கணக்கில் மகரந்தத் துகள்களை விடும்.

ஒரு துகள் 25 முதல் 30 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இராது. ஈரம் பட்டதும் ஊறி உப்பி, வெளி ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், ஊறவைத்த பயறு தோலைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. நம் மூக்கும் கண்ணும் அதற்கு வேண்டிய ஈரத்தைக் கொடுக்கின்றன. உள்ளேயிருந்து கசியும் புரதங்களை உடம்பு எதிரி என்று எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை பார்த்ததும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் சுரக்கும். தும்மல், நீராக ஒழுகல், அரிப்பு எல்லாம் அதன் கைவரிசை.

“எழுதி வைத்துக்கொள்ள” வருடங்கள் ஆகும். உங்களுக்கு நாலு வருடம் ஒன்றும் இல்லாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். புதிய நாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்த நாட்டு மகரந்தம் சில பருவங்கள் கழித்தே ஒத்துக்கொள்ளாமல் போவது வழக்கமாகப் பார்க்கும் விஷயம். சைப்ரஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. மற்ற மகரந்த அலர்ஜிகள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே தலைகாட்டும், குடும்பத்தில் யாருக்காவது ஆஸ்துமா, கரப்பான் (எக்ஸிமா) என்று இருக்கும். இது மட்டும் முப்பது நாற்பது வயதில், பரம்பரையில் எதுவுமே இல்லாதவர்களையும் பிடிக்கும். “எங்கள் வீட்டில் யாருக்கும் அலர்ஜியே கிடையாதே” என்று கவுண்டரில் சொல்பவர்களை நான் அதனால் மறுத்துப் பேசுவதில்லை.

இந்த வட்டாரத்தில் ஏன் இவ்வளவு சைப்ரஸ் என்றால், காற்றுதான். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் அடிக்கும்போது காய்கறியும் பழமும் தாங்காது. ஆகவே அவிஞ்ஞோன், கவய்யோன் பக்கத் தோட்டங்களில் கிழக்கு மேற்காக வரிசை வரிசையாய் சைப்ரஸ் நட்டுச் சுவர் மாதிரி நிறுத்தினார்கள். கல்லறைத் தோட்டங்களில் அதற்கு முன்பிருந்தே உண்டு. வான்கோ 1889இல் சேன்-ரெமியில் இருந்தபோது வரைந்த கருப்புத் தீச்சுடர் போன்ற மரங்கள் இவைதான். அதுவரை பெரிய தொல்லை இல்லை. 1960, 70களுக்குப் பிறகு ஊருக்கு வெளியே தனி வீடுகள் பெருகின. சீக்கிரம் வளர வேண்டும், பக்கத்து வீடு தெரியக் கூடாது, செலவும் குறைய வேண்டும் என்றால் சைப்ரஸ் வேலியை விட்டால் வேறு இல்லை. அப்போது நிறைய நட்டது அமெரிக்காவிலிருந்து வந்த அரிசோனா சைப்ரஸ். நீலச் சாம்பல் நிறத்தில் இருக்கும், உங்கள் வேலியும் அதுவாக இருக்கலாம். இது ஜனவரியிலேயே மகரந்தம் விடத் தொடங்கும். இது ஓயும் நேரத்தில் உயரமான இத்தாலிய சைப்ரஸ் பிப்ரவரி, மார்ச்சில் தொடரும். ஆக, ஒரே குடும்பம் முறை வைத்துக்கொண்டு உங்களைக் கவனிக்கிறது. அக்டோபர் நவம்பரிலேயே லேசாகத் தும்மல் வந்தால் குன்றுப் புதர்களில் வளரும் ஜூனிபர் வகையைச் சந்தேகப்படலாம், அதுவும் சைப்ரஸ் குடும்பம்தான்.

குடும்பம் என்றதும் பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடலாம். டெக்சாஸில் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் இருக்கும் நம் ஆட்கள் டிசம்பர் ஜனவரியில் “சீடர் ஃபீவர்” என்று படுவது ஆஷ் ஜூனிபர் மரத்தால். அதில் சீடரும் இல்லை, பெரும்பாலும் ஃபீவரும் இல்லை. ஜப்பானில் பிப்ரவரி முதல் பாதி நாட்டையே முகக்கவசம் போட வைக்கும் சுகி மரமும், அது ஓயும்போது தொடங்கும் ஹினோகியும் இதே குடும்பம். இவற்றின் மகரந்தப் புரதங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமானவை. ஆகவே மொம்பெலியேவில் பிடித்த அலர்ஜிக்குப் பயந்து வேலையை டோக்கியோவுக்கோ ஆஸ்டினுக்கோ மாற்றிக்கொண்டால், பழைய ஆளே வாசலில் நிற்பார். மறுபக்கம், ஏப்ரலில் கார் மேல் மஞ்சள் மாவாகப் படியுமே, அதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். அது பைன் மரத் தூள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிதாக இருந்தாலும் அலர்ஜி தருவது அபூர்வம்.

சரி, சளியா சைப்ரஸா என்று வீட்டிலேயே எப்படி ஊகிப்பது? நான் முதலில் கேட்பது அரிப்பைத்தான். கண், மேலண்ணம், காதின் உட்புறம் அரித்தால் அலர்ஜி பக்கம் சாயலாம். சளி அரிக்காது. ஒழுகுவது தண்ணீராகவே இருப்பது, தும்மல் ஏழெட்டுச் சேர்ந்தாற்போல் வருவது, காய்ச்சல் இல்லாதது, பத்து நாளில் போகாமல் வாரக்கணக்கில் இழுப்பது எல்லாம் அடுத்த அடையாளங்கள். வானிலையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மழை பெய்த நாளில் நிம்மதியாக இருந்து, அதன்பின் வெயிலும் வடகாற்றும் சேர்ந்த நாளில் மோசமானால் சந்தேகமே வேண்டாம். சைப்ரஸில் கண் தொல்லை கூடுதல், வறட்டு இருமலும் உண்டு. ஆனால் மூச்சு விடும்போது விசில் சத்தம், படியேறினால் இழைப்பு, இரவில் இருமி எழுவது என்று இருந்தால் அது மூக்கோடு நிற்கவில்லை, ஆஸ்துமாவைத் தொடுகிறது. அதற்கு ஃபார்மசி போதாது, டாக்டரிடம் போங்கள்.

மருந்துக்கு வருவோம். அவில் பழைய தலைமுறை மருந்து. மூளைக்குள் போகும், அதனால்தான் தூக்கம். அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டாதீர்கள். அதற்குப் பதில் செட்டிரிசின், லோராட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற இரண்டாம் தலைமுறை மாத்திரைகள் இருக்கின்றன. செட்டிரிசினிலும் சிலருக்குக் கண் சொருகும், அவர்கள் இரவில் போடலாம். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாக ஏறாது, தண்ணீர்தான் சரி. இந்த மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் ஒழுகலையும் நன்றாக அடக்கும். மூக்கடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது.

அடைப்புக்குச் சரியான மருந்து, நம் ஆட்கள் வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துவிடுகிற ஒன்று. மோமெட்டசோன், ஃப்ளூட்டிக்கசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. “ஸ்டீராய்டா, வேண்டாம்” என்பார்கள். இதில் இருப்பது மைக்ரோகிராம் அளவு, மூக்கோடு நின்றுவிடும், ரத்தத்துக்குப் போவது மிகச் சொற்பம். பயப்பட வேண்டியது, வருடத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்று சில இடங்களில் போடும் நீண்டநாள் ஸ்டீராய்டு ஊசிக்கு. அதை அலர்ஜி மருத்துவர்கள் இப்போது பரிந்துரைப்பதில்லை.

இந்த ஸ்ப்ரேயில் இரண்டு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒன்று, தும்மல் வந்த அன்றைக்கு அடித்துப் பார்த்துவிட்டு “கேட்கவில்லை” என்று விட்டுவிடுவது. அது தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. முழுப் பலன் வரச் சில நாள் பிடிக்கும், தினமும் அடிக்க வேண்டும். பருவம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே ஆரம்பித்தால் பாதிச் சண்டை நடக்கவே நடக்காது. உங்களுக்கு ஜனவரிக் கடைசி என்றால் பொங்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் அன்று முதல் ஸ்ப்ரே. நான் அப்படித்தான் செய்கிறேன். மரம் ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும், ஆனால் இந்தக் கணக்கு பெரிதாகத் தவறியதில்லை. இரண்டாவது தவறு, நேராக நடுச்சுவரில் அடித்து ரத்தம் வரவழைப்பது. வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, முனை கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து இருக்கட்டும். அடித்தபின் சர்ரென்று உறிஞ்சாதீர்கள், தொண்டைக்குத்தான் போகும்.

உடனே மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து, அந்த ஸைலோமெட்டசோலின் வகை, நாலைந்து நாளுக்கு மேல் கூடாது. அதன்பின் மருந்தே அடைப்பை உண்டாக்கும், விட முடியாத பழக்கமாகிவிடும். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் மாத்திரையை நீங்களாகத் தேடவும் வேண்டாம். பக்கவாதம், மாரடைப்பு அபாயம் இருப்பதால் 2024 டிசம்பர் முதல் பிரான்சில் சீட்டு இல்லாமல் தருவதில்லை. டாக்டர் மாண்டெலூகாஸ்ட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தால், தூக்கம் கெடுவது, மனநிலை மாறுவது பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020இல் அதற்குத் தன் கடுமையான எச்சரிக்கையை ஒட்டியது. கண்ணுக்கு ஓலோபட்டடின், கீட்டோடிஃபென் சொட்டுகள் உண்டு. பருவம் முடியும்வரை கான்டாக்ட் லென்ஸை விட்டு மூக்குக் கண்ணாடிக்கு மாறுங்கள். நீங்கள் கர்ப்பமாகவோ பால் கொடுப்பவராகவோ இருந்தால் மேலே சொன்ன எதையும் கேட்காமல் தொடாதீர்கள்.

ஆவி பிடிப்பது பற்றி என்னிடம் அம்மாமார் கேட்பார்கள். இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அலர்ஜிக்கு மருந்து ஆகாது, கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்டவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அதைவிட ஜலநேதி, அதாவது உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, நூறு மடங்கு மேல். துகளையே கழுவி வெளியேற்றும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் அரை லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. பண்ணத் தெரியாதவர்களுக்கு ஃபார்மசியில் உப்புநீர் ஸ்ப்ரே இருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செய்தால் அன்றைய கணக்கு அன்றே தீரும்.

இன்னொரு நம் வீட்டுச் சண்டை, ராத்திரித் தலைக்குளியல். இரவில் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த இரண்டு மாதம் மட்டும் அதைத் தலைகீழாக்குங்கள். பகலெல்லாம் தலைமுடி மகரந்தத்தைச் சேர்த்து வைத்திருக்கும், அதைத் தலையணையில் தேய்த்துக்கொண்டு எட்டு மணி நேரம் முகர்கிறோம். நீளமான முடி என்றால் இன்னும் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து நன்றாகத் துவட்டிவிட்டுப் படுங்கள். துணியை வெளியே காயப்போடாதீர்கள். வெளியே போட்டுப் போன கோட்டைப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஜன்னலைச் சூரியன் எழும் முன்னும் இருட்டிய பின்னும் பத்து நிமிடம் திறந்தால் போதும். காரில் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், உள்காற்று வடிகட்டியை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பூஜையறை ஊதுபத்தி, சாம்பிராணிப் புகைக்கு மார்ச் வரை விடுமுறை. ஏற்கெனவே புண்பட்ட மூக்குக்குப் புகை எதுவானாலும் ஒன்றுதான். மகரந்த நிலவரம் சொல்லும் செல்பேசிச் செயலிகள் சிலவற்றில் புல், பர்ச் மரம் எல்லாம் இருக்கும், சைப்ரஸ் இருக்காது. “இன்று குறைவு” என்று அது சொல்வதை நம்பி ஏமாறாதீர்கள். உங்கள் வேலியைத் தட்டிப் பார்ப்பது அதைவிட நல்ல செயலி.

அந்த வேலியை வெட்டலாமா? வீட்டை ஒட்டி இருப்பதால் அதை எடுத்தால் ஓரளவு குறையும், மறுக்க முடியாது. ஆனால் மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் வரும், தெருவெல்லாம் சைப்ரஸாக இருக்கும்போது உங்களுடையதை மட்டும் எடுத்து முழு நிம்மதி எதிர்பார்க்க வேண்டாம். என் யோசனை, இந்த வருடம் இலையுதிர் காலத்திலேயே நறுக்கிவிடுங்கள். பழுக்கப்போகும் ஆண் கூம்புகள் அதோடு போய்விடும். ஜனவரி முதல் மார்ச் வரை கத்தரியே படக் கூடாது, குறைந்தது உங்கள் கையால் கூடாது. வயதான வேலி என்றால், காய்ந்து போகும் மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பல வகைச் செடிகள் கலந்து நடுங்கள். திரும்பவும் துஜா மட்டும் வேண்டாம், அதுவும் இதே குடும்பம்.

இப்போது பீச் பழம். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுதான் முதல் கவலை. சைப்ரஸ் மகரந்தத்தில் இருக்கும் ஒரு சின்னப் புரதத்துக்கு மிக நெருக்கமான ஒன்று பீச் பழத்திலும் இருக்கிறது. ஆய்வுக்கூடச் சீட்டில் அதற்கு ப்ரூ பி 7 என்று பெயர். சைப்ரஸ் அலர்ஜிக்காரர்களில் சிலருக்கு மட்டும் உடம்பு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். தென் பிரான்சில் கடுமையான பீச் அலர்ஜியை ஆராய்ந்தபோது வெளிப்பட்டதே இந்தத் தொடர்புதான். ஆப்பிள் கடித்தால் வாய் நமைப்பது போன்ற லேசான விஷயமாக இது நிற்காமல் போகலாம். உதடு, கண் இமை வீங்கி, தடிப்பு வந்து, மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் சரியும் அளவுக்கும் போனதுண்டு. புரதம் சதையிலும் இருக்கிறது, சூட்டையும் தாங்கும். ஆகவே தோலை உரித்தாலும் வேகவைத்தாலும் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. சாப்பிட்ட கையோடு ஓடுவது, ஆஸ்பிரின், இப்யூப்ரோஃபென் போடுவது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். ஆரஞ்சு, மாதுளை போன்றவற்றிலும் இதே வகைப் புரதம் உண்டு. அவை இதுவரை ஒத்துக்கொண்டிருந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். பீச்சை மட்டும் சோதனை முடியும்வரை, ஜூஸ், ஜாம் உட்பட, தொடாதீர்கள். மறுபடி வீங்கி மூச்சும் திணறினால் உடனே அவசர எண் 15 அல்லது 112ஐக் கூப்பிடுங்கள்.

அலர்ஜி மருத்துவரிடம் நேரம் கிடைக்க மாதங்கள் ஆகும், இப்போதே பதிவு செய்யுங்கள். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஒரு வாரம் முன்பு அவில், செட்டிரிசின் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். ஸ்ப்ரேயை நிறுத்த வேண்டியதில்லை. மருந்து எதற்கும் அடங்காதவர்களுக்கு, அலர்ஜிப் பொருளையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது. நாக்குக்கு அடியில் சொட்டாகவோ ஊசியாகவோ மூன்று முதல் ஐந்து வருடம். ஜப்பானில் சுகிக்கு இதை மாத்திரையாகவே தருகிறார்கள், நல்ல சான்றுகளும் இருக்கின்றன. சைப்ரஸுக்குச் சான்று அந்த அளவுக்கு இல்லை. எனக்கு ஸ்ப்ரேயே போதுமாக இருந்ததால் நான் போகவில்லை.

புதுச்சேரி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே சைப்ரஸ் மகரந்தம் கிடையாது, பிப்ரவரி முழுக்க இருந்தால் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அங்கே இருக்கும்போது ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பினால் மட்டும் பையில் மாத்திரை இருக்கட்டும். வெள்ளைக்காரர்கள் அங்கேயும் சைப்ரஸ் நட்டு வைத்துவிட்டுத்தான் போனார்கள். டிக்கெட் போடும் முன் அலர்ஜி டாக்டரின் தேதியைப் பாருங்கள், இரண்டும் ஒரே வாரத்தில் விழுந்தால் டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். அவரிடம் போனதும் மூக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பீச்சைப் பற்றிச் சொல்லுங்கள். வீங்கிய உதட்டை அப்போது யாராவது செல்பேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.